ஏற்றத்தில் இழுவை போகிறது, பத்து நிமிடம் நிறுத்தினால் திரும்ப வருகிறது: பழைய டீசல் வண்டி

கரடுபாதை:

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வண்டி என்னுடையது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி, நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. நாலு சிலிண்டர், 2.5 லிட்டர், டர்போ கிடையாது. டீசலை அழுத்தித் தள்ளும் நாலு பிளஞ்சரும் வரிசையாக நிற்கும் பழைய இன்லைன் பம்ப், அதன் பக்கவாட்டில், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப், கையால் அடிக்கும் குமிழோடு.

சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் நாலைந்து நிமிடம் நன்றாக இழுக்கும், அப்புறம் யாரோ ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுப்பது போல இருக்கும். என் கால் தரையோடு ஒட்டியிருக்கும், வண்டியோ 45-லிருந்து 20-க்கு இறங்கி, இரண்டாவது கியர், அப்புறம் முதல் கியர் என்று வந்துவிடும். இன்ஜின் அணையாது, அடிக்காது, சத்தத்திலும் மாற்றம் தெரியாது. ஓரமாக நிறுத்தி பத்து நிமிடம் அணைத்து வைத்தால் மறுபடி நாலைந்து நிமிடம் பழையபடி இழுக்கும்.

டீசல் ஃபில்டர் புதிது, ஏர் கிளீனர் புதிது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் நாலையும் கழற்றி டெஸ்ட் பண்ணியாயிற்று, டேப்பெட் (வால்வு இடைவெளி) சரியாக வைத்தாயிற்று. ஒரு மெக்கானிக் பம்ப்பை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்துவிட்டது, இன்ஜினையே இறக்கலாம் என்கிறார். இரண்டுமே பெரிய வேலை. கை வைப்பதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

நாலுசக்கரம்:

முதலில் வண்டி உண்மையிலேயே சக்தி இழக்கிறதா, இல்லை வேறு ஏதாவது அதைப் பிடித்து இழுக்கிறதா என்று பாருங்கள். ஏற்றம் முடிந்து நிறுத்தியதும் நாலு சக்கர டிரம்மிலும் கையைக் கிட்டே கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சூடு கிட்டே போனாலே தெரியும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் ஜாம். கிளட்ச் ஸ்லிப் ஆனால் இன்ஜின் வேகம் ஏறும், வண்டி ஏறாது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இறங்குகிறது போலத்தான் படுகிறது, ஆனாலும் பார்த்துவிடுங்கள். ஆக்சிலரேட்டர் கம்பியையும் மறக்க வேண்டாம். ஒருவரை உள்ளே உட்கார வைத்து முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்ப் மேல் இருக்கும் லீவர் கடைசி ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

பழையஇரும்பு:

தம்பி, எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். இழுவை போகும் நேரத்தில் புகை என்ன நிறம்?

கரடுபாதை:

புகையே இல்லை அண்ணா. பின்னால் வந்த நண்பர் கவனித்துச் சொன்னார், நன்றாக இழுக்கும்போது லேசாகக் கறுப்பு தெரிகிறது, இழுவை போனதும் அதுவும் நின்றுவிடுகிறது.

பழையஇரும்பு:

சரி, அப்படியானால் பம்ப், லைனர் இரண்டையும் தள்ளி வையுங்கள். டீசல் இன்ஜினில் புகைதான் முதல் சாட்சி. டீசல் அதிகமாகி காற்று போதாமல் போனால் கறுப்பாகத் தள்ளும். எண்ணெய் எரிந்தால் நீலம். டீசல் எரியாமலே வெளியே வந்தாலோ தண்ணீர் உள்ளே போனாலோ வெள்ளை. முழு மிதியில், சுமையோடு, இழுவையும் இல்லை புகையும் இல்லை என்றால் இன்ஜினுக்குச் சாப்பாடு வரவில்லை என்றுதான் அர்த்தம். ஏர் கிளீனர் அடைத்திருந்தால் கறுப்பு கூடியிருக்கும், குறைந்திருக்காது.

அடுத்தது, பத்து நிமிடத்தில் சரியாகிறது என்கிறீர்களே, அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த லைனர் பத்து நிமிட ஓய்வில் வளர்ந்துவிடாது. தேய்ந்த பிளஞ்சரும் வளராது. நின்றால் சரியாகிற கோளாறு எது? உறிஞ்சல் இருக்கும்வரை அடைத்துக்கொண்டு, உறிஞ்சல் நின்றதும் விலகிக்கொள்கிற ஏதோ ஒன்று. டேங்குக்குள் மிதக்கிற குப்பை வலையில் போய் ஒட்டலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். ஹோஸ் உறிஞ்சலில் தட்டையாகலாம். எல்லாமே டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் இருக்கிற சமாச்சாரம்.

சமதரையில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். இந்த அளவு இன்ஜின் சும்மா ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்காது. ஏற்றத்தில் முழு மிதியில் மணிக்குப் பத்து லிட்டரைத் தாண்டிப் போகும். பாதி அடைத்த குழாய் முதல் வேலைக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவதற்குப் போதாது. வண்டியை நிற்க வைத்து ரேஸ் பண்ணிப் பார்த்தாலும் இது பிடிபடாததற்குக் காரணம் அதுதான், சுமையில்லாத இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.

டீசல்வாசம்:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. என் வண்டியிலும் சூடானதும் இழுவை குறைந்தது, கடைசியில் பம்ப் எலிமென்ட், அதாவது பிளஞ்சரும் அது ஓடுகிற பேரலும்தான் தேய்ந்திருந்தது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இருக்கிற இடைவெளியே இரண்டு மூன்று மைக்ரான்தான், தண்ணீர் கலந்த டீசல் கொஞ்ச நாள் ஓடினாலே கோடு விழுந்துவிடும். முப்பது வருடம் ஓடிய பம்ப் என்றால் சொல்லவே வேண்டாம். இவர் ஏறுகிற இடம் எவ்வளவு உயரம் என்றும் தெரியவில்லை. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும்.

பழையஇரும்பு:

நீங்கள் சொல்வது நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எலிமென்ட் தேய்ந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். சூட்டில் டீசல் இளகும், தேய்ந்த இடைவெளி வழியாக அதிகமாகக் கசியும். அதனால் ஓடி நன்றாகச் சூடான வண்டியை அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் பண்ணினால் ரொம்ப நேரம் சுற்ற வேண்டியிருக்கும், குளிரில் பட்டென்று பிடிக்கும். கரடுபாதை, உங்கள் வண்டி சூட்டில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது? இன்னொன்று, பத்து நிமிடத்தில் பம்ப் ஆறவே ஆறாது. இன்ஜினை அணைத்ததும் அதன் சூடு பம்ப்புக்கு ஏறத்தான் செய்யும். உயரம் சொன்னீர்கள், அது உண்மை, ஆனால் ஓரமாக நிறுத்தினால் வண்டி கீழே இறங்கிவிடவில்லையே, அதே உயரத்தில்தானே மறுபடி இழுக்கிறது.

1927-இல் பாஷ் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இன்லைன் பம்ப்பின் வழிவந்த சாமான்தான் உங்கள் வண்டியில் இருப்பதும். தண்ணீரும் மண்ணும் போகாமல் பார்த்துக்கொண்டால் இன்ஜினையும் தாண்டி உழைக்கும். தெரியாமல் பிரித்தால் நாலு சிலிண்டருக்கும் அளவைச் சமன்செய்ய டெஸ்ட் பெஞ்சுக்குத்தான் போக வேண்டும். நல்லாயிருக்கிற பம்ப்பைச் சந்தேகத்தின் பேரில் திறப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரடுபாதை:

சூட்டில் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகிறது அண்ணா.

இன்று செய்து பார்த்தவை: டிரம் நாலும் ஒரே சூடு. கிளட்ச் பிடிக்கிறது. ஆக்சிலரேட்டர் லீவர் ஸ்டாப்பருக்கு ஒரு நகக்கண் அளவு முன்னாலேயே நின்றது, கம்பியை இழுத்துச் சரிசெய்தேன், தொடக்கத்தில் இழுவை கொஞ்சம் கூடியது உண்மை, ஆனால் ஐந்தாவது நிமிடம் அதே கதை. இழுவை போனதும் நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ் என்ற சத்தம் வரவில்லை. மூடியைத் தளர்வாக வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

பழையஇரும்பு:

நல்லது, மூடி கழிந்தது. இப்போது எதையும் பிரிக்காமல் வண்டியை இரண்டு பாதியாகப் பிரிக்கிற சோதனை.

ஐந்து லிட்டர் கேன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, வடிகட்டிய டீசல் ஊற்றுங்கள். பானெட்டுக்குள் இடம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் பின் தொட்டியின் முன் மூலையில், ஃபீட் பம்ப்பைவிட உயரமாக வைத்து அசையாமல் கட்டுங்கள். நீங்கள் உட்காரும் கேபினுக்குள் வைக்க வேண்டாம். சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் வரவே கூடாது. ஃபீட் பம்ப்புக்கு டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் கேனிலிருந்து புது ஹோஸ். கழற்றிய முனையை போல்ட் போட்டு அடைத்துவிடுங்கள். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸை இருந்தபடி டேங்குக்கே விடுங்கள், கேன் சீக்கிரம் குறையும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் அடித்துக் காற்றை எடுத்துவிட்டு அதே ஏற்றம், அதே சுமை, அதே கியர்.

முழுக்க ஏறினால் கோளாறு டேங்க் பக்கம். ஏறாவிட்டால் ஃபீட் பம்ப், ஃபில்டர், பம்ப் பக்கம், அப்போது டீசல்வாசம் சொல்வதை நானும் கேட்கிறேன். இந்த ஒரு சோதனை முடியும்வரை வேறு எதையும் மாற்றாதீர்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

ஸ்பேனர்14:

கேன் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஹோஸ் வேலை ஃபீட் பம்ப் பக்கத்தோடு நிற்கட்டும். நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி ஒவ்வொரு சிலிண்டராகச் சோதிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், சொல்வது சரிதான், தளர்த்தியும் இன்ஜின் சத்தம் மாறாத சிலிண்டர்தான் சோம்பேறி. ஆனால் நாசில் திறக்கவே நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும், பீய்ச்சுகிற அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று வீட்டில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரடுபாதை:

ஏறிவிட்டது!

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த ஏற்றம் முழுக்க மூன்றாவது கியரில். உச்சியில் நிறுத்தி இறங்கி நின்றேன், கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினை இறக்கச் சொன்னார்களே என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

நாலுசக்கரம்:

அருமை! இனி டேங்க் முதல் ஃபீட் பம்ப் வரைதான்.

ஸ்பேனர்14:

உறிஞ்சும் பக்கம் இரண்டே வகை: ஒன்று காற்று பிடிக்கும், இல்லையென்றால் அடைக்கும். காற்று பிடிக்கிற இடத்தில் டீசல் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அங்கே உள்ளே இழுக்கத்தான் செய்கிறது. கேனைக் கழற்றிவிட்டுப் பழைய இணைப்பையே போடுங்கள், ஆனால் ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸைச் சேருங்கள். குமிழி வந்தால் காற்று. குழாயை இணைக்கும் ஓட்டை போல்ட்டான பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர், கிளாம்ப், இரும்புக் குழாயில் துரு தின்ற இடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குமிழி இல்லாமல் டீசலும் வரவில்லை என்றால் அடைப்பு.

கரடுபாதை:

பிளாஸ்டிக் ஹோஸ் போட்டேன். ஓடும்போது எப்படிப் பார்ப்பது என்று யோசித்து, கைப்பேசியை பானெட்டுக்குள் மின்விசிறி, பெல்ட் எதற்கும் எட்டாத இடத்தில் இறுக்கிக் கட்டி, வீடியோ ஓடவிட்டு ஏறினேன்.

திரும்ப வந்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். முதல் மூன்று நிமிடம் ஹோஸ் உருண்டையாக, டீசல் நிரம்பி, குமிழி ஒன்றுகூட இல்லை. நாலாவது நிமிடத்தில் ஹோஸின் நடுப்பகுதி லேசாக ஒடுங்குகிறது. ஃபீட் பம்ப் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மூச்சு வாங்குவது போலச் சுருங்கி விரிகிறது. அப்புறம் விரிவது குறைந்துகொண்டே போய், இழுவை போகிற அந்த நேரத்தில் நசுங்கிய சேமியா மாதிரி தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தி அணைத்த பிறகும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆறேழு நிமிடத்தில் மெல்ல மெல்ல உருண்டையாகிவிட்டது.

டீசல்வாசம்:

இதைப் படித்தபின் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பம்ப் இல்லை. முன்னால் எங்கோ நன்றாக அடைத்திருக்கிறது, ஃபீட் பம்ப்பும் நல்ல பலத்தோடு இருக்கிறது. இல்லையென்றால் ஹோஸை இவ்வளவு நசுக்காது.

கரடுபாதை:

டேங்கைப் பாதி காலிசெய்து, உள்ளிருந்து டீசலை உறிஞ்சும் பிக்அப் குழாயை மேலே எடுத்தேன். அடியில் பித்தளை வலை, அதில் கறுப்பாக, வழவழப்பாக, விரலில் தேய்த்தால் நூலாக வருகிற ஒரு பசை. வடிகாலைத் திறந்ததில் அரை டம்ளர் தண்ணீரும் வந்தது. எல்லாவற்றையும் கழுவினேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஏறினேன். நாலு நிமிடத்துக்குப் பதில் எட்டு நிமிடம் இழுத்தது, அப்புறம் அதேதான்.

டேங்க் முதல் இன்ஜின் வரை குழாயையும் சோதித்துவிட்டேன். இன்ஜின் பக்கத்திலிருந்து டயர் பம்ப்பால் ஊதினால் டேங்குக்குள் கடகடவென்று குமிழி சத்தம் நன்றாகக் கேட்கிறது. அடைப்பே இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை.

பழையஇரும்பு:

அந்தக் கறுப்புப் பசை டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வளர்கிற நுண்ணுயிர். தண்ணீரை அவ்வப்போது வடித்தால் அது வளர இடம் இல்லை. அதை எடுத்தது நல்ல வேலை, எட்டு நிமிடம் வந்தது அதனால்தான். ஆனால் இரண்டாவது அடைப்பும் இருக்கிறது.

தம்பி, ஊதிப் பார்த்தீர்கள். உறிஞ்சிப் பார்த்தீர்களா? இரண்டும் ஒன்று இல்லை. ஊதினால் குழாய் விரியும், உள்ளே தொங்குகிற எதுவும் சுவரோடு ஒட்டிப் படுத்துவிடும். அதுவும் நீங்கள் ஊதியது தலைகீழ் திசையில், டீசல் ஓடுவது டேங்கிலிருந்து இன்ஜினுக்கு. டேங்க் பிக்அப்புக்கும் சேசிஸ் இரும்புக் குழாய்க்கும் நடுவில் ஒரு குட்டி ரப்பர் ஹோஸ் இருக்குமே, டேங்கை இறக்காமல் கை எட்டாத இடத்தில், அதை எப்போது மாற்றினீர்கள்?

கரடுபாதை:

நான் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை அண்ணா. பிக்அப் எடுக்கும்போது ஒரு முனையைத்தான் கழற்றினேன், வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது, வெடிப்புகூட இல்லை.

பழையஇரும்பு:

அதைக் கழற்றி நீளவாக்கில் அறுங்கள்.

கரடுபாதை:

அறுத்துவிட்டேன். கை நடுங்க எழுதுகிறேன்.

ஒன்றரைச் சாண் நீள ஹோஸ். வெளியே கறுப்பாக, உறுதியாக இருக்கிறது. பிளேடால் ஒரு பக்கம் மட்டும் கீறி, புத்தகம் போலத் திறந்தேன். உள் அடுக்கு டீசலில் ஊறி உப்பி, நடு நூல் அடுக்கிலிருந்து பிரிந்து, இரண்டு விரல் நீளத்துக்கு நாக்கு மாதிரி தொங்குகிறது. நாக்கின் நுனி டேங்க் பக்கம், வேர் இன்ஜின் பக்கம். டேங்க் நிப்பிளில் ஹோஸைச் சொருகிய இடத்திலேயே உள் அடுக்கு கிழிந்திருக்கிறது, அங்கிருந்துதான் டீசல் அடியில் புகுந்து உரித்திருக்க வேண்டும். டேங்க் பக்கமிருந்து பிளேடு நுனியால் மெல்லத் தள்ளினால் நாக்கு எழும்பி ஓட்டையை மூடுகிறது. எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் படுத்துக்கொள்கிறது. நான் ஊதியபோது நடந்தது அதுதான்.

ஸ்பேனர்14:

டீசல் ஓட்டம் கூடக்கூட நாக்கு எழும்பும், எழும்ப எழும்ப உறிஞ்சல் கூடும், உறிஞ்சல் கூடினால் இன்னும் எழும்பும். நிறுத்தியதும் ஊறின ரப்பர் ஆற அமரப் படுக்கும். உங்கள் பத்து நிமிடம் அங்கேதான் இருந்திருக்கிறது. புது ஹோஸ் டீசலுக்கு என்றே செய்ததாக வாங்குங்கள், தண்ணீர் ஹோஸையோ காற்று ஹோஸையோ போட்டால் சில மாதத்தில் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். சொருகும் முன் நிப்பிள் விளிம்பில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள், உள்ளே கொஞ்சம் டீசல் தடவிக்கொண்டு சொருகுங்கள். கிளாம்ப்பை ரப்பர் பிதுங்கும்வரை இறுக்க வேண்டாம். ரிட்டர்ன் ஹோஸும் அதே வயசுதானே, அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கரடுபாதை:

உறிஞ்சும் பக்கம், ரிட்டர்ன் பக்கம் எல்லா ரப்பரும் மாற்றியாயிற்று, காப்பர் வாஷர் எல்லாம் புதிது, நிப்பிளில் விரலைக் கீறுகிற அளவுக்குப் பிசிறு இருந்தது, தேய்த்துவிட்டேன். பத்து நாளில் நாலு முறை சுமையோடு ஏறிவிட்டேன், மூன்றாவது கியரை விட்டு இறங்கவில்லை. பிளாஸ்டிக் ஹோஸை எடுக்கும் முன் ஒருமுறை வீடியோ எடுத்தேன், ஏற்றம் முழுக்க உருண்டையாகவே இருந்தது. முழு மிதியில் இப்போது லேசாகக் கறுப்புப் புகை வருகிறது, டீசல் அளவை வைக்கும் பம்ப் ஸ்க்ரூவைக் குறைக்கலாமா?

பழையஇரும்பு:

வேண்டாம். டீசல் முழுசாகப் போய்ச் சேர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சுமையில் லேசாக வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த ஸ்க்ரூவின் சீலில் கை வைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஃபில்டரை மட்டும் இன்னொரு தடவை மாற்றுங்கள், டேங்கைக் கழுவியபோது கிளம்பின குப்பை மிச்சம் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

மண்வாரி:

எனக்கும் இதே மாதிரிதான், ஏற்றத்தில் இழுவை போய், நின்றால் சரியாகிறது. ஆனால் என்னுடையது பெட்ரோல், கார்பரேட்டர் வண்டி. நானும் ஹோஸை அறுத்துப் பார்க்கட்டுமா?

பழையஇரும்பு:

பொறுங்கள், பெட்ரோல் வண்டியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: போவது பெட்ரோலா, ஸ்பார்க்கா? சூடானால் கெட்டு, ஆறினால் சரியாகிற இக்னிஷன் காயில் இதே விளையாட்டைத்தான் காட்டும். இழுவை போன அந்த நொடியில் ஓரங்கட்டி உடனே அணையுங்கள், அணைக்காமல் சும்மா ஓடவிட்டால் கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்கிற கிண்ணம் மறுபடி நிரம்பிவிடும். அணைத்தபின் இன்ஜின் தொடக்கூடிய சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்து, எவ்வளவு பெட்ரோல் நிற்கிறது என்று பாருங்கள். சூடான இன்ஜின் மேல் திறக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கிண்ணம் வழக்கமான மட்டத்துக்கு இருந்தால் காயில் பக்கம் போங்கள். அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் திரும்ப இங்கே வாருங்கள், கேன் சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் பெட்ரோலுக்கு அந்தக் கேனைக் கட்டுகிற முறையே வேறு, அதைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.